மூன்றாவது ஹிம்சை

தை மாதத்தோடு யோக வகுப்பெடுப்பதை நிறுத்திக்கொண்டேன். என் இடத்துக்கு வந்திருக்கும் தம்பி கெட்டிக்காரன்தான். ஆனால் அவன் படித்த பயிற்சி நிலையத்தில் இயமம், நியமம் இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு பிற்பகலாம். “அதெல்லாம் தியரி சார், பரீட்சைக்கு வரும்” என்கிறான். எனக்குச் சுருக்கென்றது. பதஞ்சலி யோகத்தின் அங்கங்களில் இயமத்தை முதலாவதாகவும், அதற்குள் அஹிம்சையை முதலாவதாகவும் வைத்தது பரீட்சைக்கா? திருமூலரும் இயமத்தைக் கொல்லாமையில்தான் தொடங்குகிறார். வள்ளுவர் 33ஆம் அதிகாரத்தில் கொல்லாமையைச் சொல்லிவிட்டுத்தான் 36இல் மெய்யுணர்தலுக்கு வருகிறார்.

அஹிம்சை என்றதும் வகுப்புக்கு வருகிறவர்கள் கொசுவையும் கோழிக்கறியையும் பற்றியே கேட்கிறார்கள். அது எளிய பகுதி. பதஞ்சலியின் யோக சூத்திரத்தில் சாதன பாதத்தின் 34ஆம் சூத்திரம்தான் ஆளை முறிப்பது. ஹிம்சை மூன்று வகை: தானே செய்தது, பிறரைக்கொண்டு செய்வித்தது, பிறர் செய்ததை ஆமோதித்தது. மூன்றும் பேராசை, கோபம், மோகம் வழியே வரும். ஒவ்வொன்றிலும் மிருது, மத்திமம், தீவிரம். ஆக 27. வியாச பாஷ்யம் 81 வரை பிரிக்கிறது.

என் ஆசிரியர் முதல் இரண்டையும் சீக்கிரமே கடந்துவிட்டு, மூன்றாவதான ஆமோதிப்பில் மாதக்கணக்கில் எங்களை நிறுத்திவைத்தார். காலையில் உட்காருமுன் ஒரே கேள்வி: “நேத்து யாருக்கு அடி விழுந்ததுல உனக்குச் சந்தோஷம்?” யாருக்குமில்லை என்றவரை அன்று கண்மூட விடமாட்டார். திண்ணையில் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். செய்த ஹிம்சை உறுத்தும், உறுத்துவதால் அகப்படும். ஆமோதித்தது இனிக்கும். என்கவுண்டர் செய்தி கேட்டு ‘நல்லா வேணும்’ என்றவர் மாலையில் உட்கார்ந்தால் மனம் ஒரே இடத்தில் நிற்கும். அதைத் தாரணை, அதாவது மனக்குவிப்பு, என்று நம்பிவிடுவார். எதிரே இருப்பவனுக்குத் தெரியும்: தாடை இறுகியிருக்கும், வெளிமூச்சு அடிவரை இறங்காது. இப்படிப் பல வருஷம் உட்கார்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வீட்டில் அவர்களோடு ஒருவராலும் நிம்மதியாகச் சாப்பிட முடியவில்லை. அடுத்த சூத்திரம் அஹிம்சையில் நிலைத்தவன் அருகில் பகை ஒழியும் என்கிறது. அளவுகோலைப் பக்கத்தில் இருப்பவர் கையில் கொடுத்துவிட்டார் பதஞ்சலி. கண்மூடியவனின் அனுபவத்தை அவர் அங்கே கேட்கவே இல்லை.

2015 முதல் ஜூன் 21, யோகா தினத்தன்று மைதானம் நிறைய விரிப்பு விரிக்கிறார்கள். சந்தோஷம். செல்போன் செயலியில் பத்து நிமிடத்தில் தியானம் என்கிறார்கள். பிடிவாதமாக முழங்காலை அழுத்திப் பத்மாசனம் போடவைக்கிறவர்களும் பெருகிவிட்டார்கள். அதுவும் அந்த 27க்குள் அடங்கும் என்று அவர்களுக்கு யார் சொல்வது?

என் ஆசிரியர் காலையில் கேட்ட அந்தக் கேள்வியை வகுப்புக்கு முன்னால் கேள் என்று தம்பியிடம் சொன்னேன். “ஆள் வராது சார்” என்றான். வருகிற நாலு பேருக்குச் சொல்லிக்கொடு என்றிருக்கிறேன்.