ஹோப் காலேஜ் எங்கே?

கோவை அவிநாசி சாலையில் பீளமேட்டைத் தாண்டியதும் ‘ஹோப் காலேஜ்’ என்று ஒரு பஸ் நிறுத்தம் வரும். கண்டக்டர்கள் அதையும் சுருக்கி ‘ஹோப்ஸ்’ ஆக்கிவிட்டார்கள். சி.ஐ.டி. கல்லூரி பக்கத்தில்தான். டைடல் பார்க்கில் வேலை பார்ப்பவர்களும் இங்கேதான் இறங்குகிறார்கள். ஹோப் என்ற பெயரில் மட்டும் எந்தக் கல்லூரியும் இல்லை.

நிறுத்தத்துக்குப் பின்னால் பட்டறையில் லேத்து ஓட்டிக்கொண்டிருந்த பெரியவரிடம் விசாரித்தேன். “அது தடாகம் ரோட்டுக்குப் போயி எந்தக் காலமோ ஆச்சுங்க. பேரு மட்டும் இங்கயே தங்கிருச்சு. நாயுடு ஆரமிச்ச காலேஜுங்க.” எந்த நாயுடு என்று கேட்டேன். கோவையின் தொழில் கதையில் யார் நுழைந்தாலும் கேட்டே ஆக வேண்டிய கேள்வி இது. “நம்ம ஜி.டி. நாயுடுங்க!” என்றார், இதுகூடத் தெரியாதா என்கிற முகத்தோடு.

1893-ல் கலங்கலில் பிறந்தவர், பள்ளியில் உட்காரப் பிடிக்காதவர், ஓட்டலில் வேலை பார்த்துக் காசு சேர்த்து மோட்டார் சைக்கிள் வாங்கியவர், 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒற்றைப் பஸ் விட்டுத் தொடங்கியவர். இதெல்லாம் நமக்குப் பழகிய கதை. ஆனால் படிப்பைப் பாதியில் உதறிய அந்த மனிதர் ஒரு பொறியியல் கல்லூரிக்கு முதல்வராக இருந்தார் என்பதை நான் அதுவரை அறிந்ததில்லை.

தடாகம் சாலை அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியின் பிறப்பு 1945. அப்போது அதன் பெயர் ஆர்தர் ஹோப் தொழில்நுட்பக் கல்லூரி. 1940 முதல் 1946 வரை சென்னை மாகாண கவர்னராக இருந்தவர் ஆர்தர் ஹோப். கவர்னரின் ஆதரவும் நாயுடுவின் நன்கொடையும் சேர்ந்து கல்லூரியும் பாலிடெக்னிக்கும் எழுந்தன. நாயுடு பணத்தைப் போட்டார், பெயர்ப்பலகை ஹோப்புக்குப் போனது. (செஞ்சிலுவைச் சங்க நிதியில் கைவைத்தார் என்ற குற்றச்சாட்டு ஹோப்பின் மீது உண்டு. பெயர் வைப்பதில் அவசரம் கூடாது என்று எனக்குத் தோன்றியது.)

இந்த ஆர்தர் ஹோப் பாலிடெக்னிக்தான் இந்தியாவிலேயே முதலாவது என்று பல இடங்களில் எழுதிவைத்திருக்கிறார்கள். ஒப்புக்கொள்ள முடியவில்லை. அதே அவிநாசி சாலையில் பி.எஸ்.ஜி. பாலிடெக்னிக் 1939-லேயே வந்துவிட்டது. அதற்கும் முன்பு, 1926-ல், பி.எஸ்.ஜி. தொழிற்கூடம். பி.எஸ்.கோவிந்தசாமி நாயுடுவின் நான்கு மகன்கள் சொத்தை ஐந்து பங்காக்கி, ஐந்தாவது பங்கை அறத்துக்கு எழுதிவைத்ததில் முளைத்தது அது. மோட்டாரும் பம்பும் செய்யும் பட்டறையும் வகுப்பறையும் ஒரே வளாகத்தில். இங்கே கல்லூரி வந்து தொழில் வரவில்லை. பஞ்சாலையும் பவுண்டரியும் ஆள் கேட்டதால் கல்லூரி வந்தது. உலகப் போர் காலத்தில் வெளிநாட்டு உதிரிபாகங்கள் வருவது அரிதானபோது ஊர்ப் பட்டறைகளுக்கு வேலை குவிந்திருக்கும். 1945 என்ற ஆண்டை அப்படித்தான் நான் புரிந்துகொள்கிறேன்.

ஆனால் என்னைப் பிடித்துக்கொண்டது, யார் முதலில் என்பது அல்ல. ஜி.டி. நாயுடு தன் கல்லூரியை விட்டு ஏன் வெளியேறினார் என்பது. காரணம், படிப்பின் கால அளவு. பொறியியலுக்கு நான்கு வருடம் என்பது சுத்த வீண், இரண்டே வருடத்தில் இரண்டு படிப்புகளைக்கூடச் சொல்லிக்கொடுத்துவிடலாம் என்றார் அவர். அரசு ஏற்கவில்லை. முதல்வர் பதவியை விட்டு விலகினார். பிறகு தானே குறுகிய காலத் தொழிற்பயிற்சிகளை நடத்தினார். கல்லூரி நான்கு வருடப் படிப்போடு அரசின் கைக்குப் போய், 1950-ல் தடாகம் சாலைக்கு இடம் மாறியது.

நாயுடுவை நினைத்து எல்லோரையும் போல நானும் மெச்சத்தான் ஆரம்பித்தேன். யோசிக்க யோசிக்கச் சந்தேகம் வந்தது. அவர் கற்றதெல்லாம் கழற்றிப் பார்த்துக் கற்றது. 1937-ல் டி. பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து மின்மோட்டார் செய்தார். சவரக்கத்தி, மண்ணெண்ணெயில் ஓடும் விசிறி என்று கை ஓயவில்லை. தன்னைப் போலவே எல்லாப் பையன்களும் என்று நினைத்துவிட்டாரோ? பழுது பார்க்க இரண்டு வருடம் தாராளம். புதிதாக ஒன்றை வடிவமைக்க வேண்டுமென்றால் கணக்கும் இயற்பியலும் வேண்டும், அவற்றை அவசரப்படுத்த முடியாது. ஆனால் நான்கு வருடம் உட்கார்ந்தும் ஸ்பேனர் பிடிக்கத் தெரியாதவர்கள் வெளியே வருவார்களே என்ற அவருடைய எரிச்சலுக்கு அரசிடம் பதில் இருந்ததாகத் தெரியவில்லை.

1984-க்குப் பிறகு எம்.ஜி.ஆர். ஆட்சியில் அதே நான்கு வருடப் படிப்போடு சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் பெருகின. அவிநாசி சாலையின் இரு பக்கமும் இப்போது வேறு விதமான பலகைகள்: மூன்று மாதத்தில் கோடிங், ஆறு மாதத்தில் டிசைன், நூறு சதவீத வேலை உத்தரவாதம். இந்தக் குறுகிய காலப் பயிற்சிக்காரர்களை நாயுடுவின் வாரிசுகள் என்று சொல்ல மனம் வரவில்லை. ஆள் தேவைப்பட்ட பட்டறை அவரிடமே இருந்தது. இவர்களிடம் இருப்பது வகுப்பறையும் கட்டண ரசீதும்.

2022-ல் தமிழக அரசு ‘நான் முதல்வன்’ திட்டத்தைத் தொடங்கியது. நான்கு வருடப் பொறியியல் படிக்கும் மாணவர்களுக்கே, வேலைக்குத் தேவையான திறன்களைக் குறும்பயிற்சிகளாகத் தனியே கற்றுத்தருகிறார்கள். அதில் சேரும் மாணவர்களில் தடாகம் சாலைக் கல்லூரியில் படிப்பவர்களும் உண்டா என்று இனிமேல்தான் விசாரிக்க வேண்டும்.