அம்மாவின் காலை 7 மணி

“நேரம் காலை 7 மணி. இனிய காலை வணக்கம், நேயர்களே!” வானொலி அறிவிப்பாளராக வாரத்தில் ஐந்து நாள் இதைச் சொல்கிறேன். இணையம் வழியாக லண்டனில் கேட்கும் நேயருக்கு, குளிர்காலமென்றால், அப்போது முந்தைய நாள் இரவு 11 மணி. கணம் ஒன்றுதான். எனக்கு அது காலை, அவருக்கோ தூங்கப் போகும் நேரம்.

இந்த வேறுபாடு கைப்பேசிச் செயலியில் எவ்வளவு பெரிய விஷயம் என்பது, போன வருடம் அம்மா சென்னைக்குப் போனபோதுதான் எனக்குப் புரிந்தது.

அம்மா தினமும் காலை 7 மணிக்கு இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுவார். அதை நினைவூட்ட ஒரு செயலி வைத்திருந்தார். சென்னையில் அது விடியற்காலை 4.30க்கு அலறியது. பெரியம்மா வீட்டில் எல்லாரும் விழித்துக்கொள்ள, சங்கடப்பட்டு மூன்றாம் நாளே அதை அணைத்துவிட்டார். அதோடு மாத்திரையும் மறந்துபோனது. இரண்டு நாள் கழித்துத் தலைசுற்றி உட்கார்ந்த பிறகுதான் எங்களுக்கே தெரியும்.

என் தம்பி செயலி எழுதும் வேலையில் இருக்கிறான். அவன் சொன்ன விளக்கம் இது.

“அக்கா, கணினி பெரும்பாலும் நேரத்தை ஓர் எண்ணாகத்தான் வைத்திருக்கும். 1970 ஜனவரி 1, அனைத்துலக நேரப்படி நள்ளிரவிலிருந்து எத்தனை வினாடி ஓடியது என்ற கணக்கு. பணம் எப்போது கட்டினோம், செய்தி எப்போது வந்தது என்பதற்கெல்லாம் அது சரி. ஆனால், ‘தினமும் காலை 7’ அப்படி இல்லை. அதற்குத் தேதி கிடையாது, ஊர் கிடையாது. மணியும் நிமிடமும் மட்டும்தான்.”

இதற்கென்றே தனித் தரவு வகைகள் உண்டாம். ஜாவாவிலும் கோட்லினிலும் ‘லோக்கல்டைம்’, ஃபிளட்டரில் ‘டைம்ஆஃப்டே’. அம்மாவின் செயலி இதைப் பயன்படுத்தாமல், மலேசியாவின் 7 மணியை ஒரு கணமாகச் சேமித்து, 24 மணி நேரத்துக்கு ஒருமுறை அடித்திருக்கும் என்பது தம்பியின் ஊகம். சென்னை நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்னால் இருப்பதால், 4.30.

பிறந்த நேரம் இதற்கு நேர்மாறு. அங்கே மணியும் நிமிடமும் மட்டும் போதாது. 1981 டிசம்பர் 31 இரவு 11.30 மணிக்கு, தீபகற்ப மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி 12 ஆக்கினார்கள். 1960களில் பிறந்த அம்மாவுக்கு இன்றைய கணக்கை வைத்து ஒரு செயலி ஜாதகம் கணித்தால், அரை மணி நேரம் பிசகும். தேதியும் ஊரும் அங்கே கட்டாயம்.

மாத்திரையிலும் எல்லாம் ஒன்றல்ல. எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என்று தரும் மருந்துக்கு இடைவெளிதான் முக்கியம். ஊர் மாறினாலும் அந்த இடைவெளி மாறக்கூடாது. காலையில் எழுந்ததும் சாப்பிடும் மருந்து, போகும் ஊரின் காலையோடு போக வேண்டும். இதில் எது என்று மருத்துவரோ மருந்தாளரோ சொல்லலாம். செயலி அதைப் பயனரிடம் கேட்டிருக்க வேண்டும். செயலி எழுதும் தம்பி தங்கைகளே, தரவு வகையைத் தேர்ந்தெடுக்கும் முன் அந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்.

மற்றவர்கள் செய்ய வேண்டியது ஐந்து நிமிட வேலை. அப்பா அம்மா ஊருக்குக் கிளம்பும் முன், அவர்கள் கைப்பேசியின் அமைப்புகளில் நேர வலயத்தை இந்தியாவுக்கு மாற்றி, நினைவூட்டல் எத்தனை மணி காட்டுகிறது என்று பாருங்கள். 4.30 என்று காட்டினால், கைப்பேசியிலேயே இருக்கும் சாதாரண அலாரத்தை 7 மணிக்கு வைத்துக் கொடுங்கள். பார்த்து முடித்ததும் நேர வலயத்தைப் பழையபடி மாற்ற மறக்காதீர்கள்.