வீட்டில் நடந்ததல்ல

செவ்வாய், டோட்முண்ட்

உணவகக் குசினியில் கோப்பை கழுவும் தம்பி ஒருவன், டொக்டரிடம் மொழிபெயர்க்க என்னைக் கூட்டிப்போனான். கட்டை அவிழ்த்ததும் முன்கையில் பழுப்பேறிய ஒரு பட்டை தெரிந்தது. அடுப்புக்கு மேலிருக்கும் புகைவடிகட்டியைக் கைதூக்கித் தேய்த்திருக்கிறான். கழுவும் திரவம் கையுறையைத் தாண்டி வழிந்து சட்டைக் கையில் ஊறிவிட்டது.

"முதல்ல எரியவே இல்லை அக்கா. சவர்க்காரம் மாதிரி வழுக்கினது. வேலை முடியட்டும் எண்டு விட்டிட்டன்."

கலனில் இருந்தது சோடியம் ஹைட்ராக்சைட். தோலின் கொழுப்பையே அது சவர்க்காரமாக்கும், வழுக்கியது அதனால்தான். அமிலம் பட்ட தசை இறுகி ஓரளவு தடுப்பாக நிற்கும். காரம் தசையைக் கரைத்தபடி உள்ளே இறங்கும். நோவு பிந்தித்தான் தெரியும். சட்டையை அப்போதே கழற்றி, ஓடும் தண்ணீரில் 20 நிமிடமாவது கையைப் பிடித்திருக்க வேண்டும்.

எங்கே நடந்தது என்று டொக்டர் கேட்டார். தம்பி என்னைப் பார்த்தான்.

"வீட்டில எண்டு சொல்லச் சொன்னவை."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஆனால் பதில் அவனுடையது. அப்படிச் சொன்னால் எதை இழப்பான் என்று மட்டும் தமிழில் விளக்கினேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, அரைகுறை டொச்சில் அவனே சொன்னான், வேலையில் என்று. வேலை விபத்துகளுக்கென்றே அங்கீகாரம் பெற்ற இன்னொரு டொக்டரிடம் எங்களை அனுப்பினார்கள்.

புதன்

அவனுக்கு விளக்கியதை இங்கேயும் எழுதிவைக்கிறேன், நாளைக்கு இன்னொரு பிள்ளை கேட்கும். விபத்துக் காப்புறுதி ஜெர்மனியில் 1884இல், பிஸ்மார்க் காலத்தில் சட்டமானது. பணம் முழுவதையும் முதலாளிதான் கட்டவேண்டும். தொழிலாளியின் சம்பளத்தில் வெட்ட முடியாது. சிறு சம்பள வேலையான மினிஜொப் செய்பவருக்கும் இது உண்டு. காயத்தின் பாதிப்பு 26 வாரங்களைத் தாண்டியும் நீடித்து, உழைக்கும் திறன் 20 வீதமாவது குறைந்திருந்தால் ஓய்வூதியமும் உண்டு. 'வீட்டில்' என்ற ஒரு சொல்லில் இத்தனையும் போய்விடும்.

வெள்ளி

குசினிச் சுவரில் இருந்த அறிவுறுத்தலைத் தம்பி படம் எடுத்து அனுப்பியிருந்தான். முழுக்க டொச். ஆபத்தான பொருட்களோடு வேலைசெய்பவருக்கு விளங்கும் மொழியில் அறிவுறுத்தல் இருக்கவேண்டும் என்கிறது சட்டம். வேலை தொடங்குமுன்னும், பிறகு ஆண்டுக்கு ஒருமுறையாவது வாயாலும் சொல்லிக்கொடுக்க வேண்டும். அவனுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. கலனில் இருந்த, கை அரிபடும் படத்தைப் பார்த்துத்தான் கையுறையே போட்டிருக்கிறான்.

சனி

மூன்று நாளுக்கு மேல் வேலைக்குப் போகமுடியாத விபத்தை முதலாளி காப்புறுதிக்கு அறிவிக்க வேண்டும். அறிவித்தாரா என்று தெரியவில்லை. அந்த அறிவிப்பின் பிரதியை முதலாளியிடம் கேட்கத் தம்பிக்கு உரிமை உண்டு. கடிதத்தை இருவரும் சேர்ந்து எழுதினோம். திங்கள் காலை பதிவுத் தபாலில் போகும்.