சத்தம் நின்ற பிறகு

ஆஸ்துமாவை நம் வீடுகளில் காதால்தான் அறிந்து வந்திருக்கிறோம். நடுராத்திரியில் பேரப்பிள்ளையின் நெஞ்சுக்குள் விசில் மாதிரி இழுப்புக் கேட்டால் வீடே எழுந்துகொள்ளும். வெந்நீர், விளக்கு, ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ. சத்தம் அடங்கிவிட்டால் எல்லாம் மறந்துபோகும். தினமும் போடச் சொல்லி டாக்டர் எழுதிக்கொடுத்த இன்ஹேலர் அலமாரியில் ஏறிவிடும். "அதான் நல்லா இருக்கானே, இன்னும் எதுக்கு அந்தப் பம்பு? பழகிப்போயிடும்" என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் என் வயதுக்காரர்கள்தான். அப்பா அம்மா மறுத்துப் பேசத் தயங்குவார்கள்.

இழுப்பு என்பது கடைசியில் கேட்கும் சத்தம். அதற்கு வெகு முன்பே மூச்சுக்குழாயின் உட்சுவர் புண்பட்டு வீங்கத் தொடங்கியிருக்கும். பிள்ளைகள் அதைச் சொல்ல மாட்டார்கள், சொல்லத் தெரியாது. சிறுகச் சிறுகக் குறையும் மூச்சுக்கு உடம்பு பழகிக்கொள்கிறது. தெருவில் ஓடிக்கொண்டிருந்த பையன் கேரம் போர்டோடு திண்ணையில் உட்கார்ந்துவிடுகிறான். சமர்த்தாகிவிட்டான் என்று நாம் மெச்சுகிறோம்.

அந்த வீக்கத்தை நேரில் பார்க்க வேண்டுமானால் மூச்சுக்குழாய்க்குள் கருவியை விட்டுச் சதைத்துணுக்கு எடுக்க வேண்டும். மூச்சுக்குத் தவிக்கும் குழந்தையிடம் அதை அடிக்கடி செய்ய முடியுமா? வழி வேறு பக்கத்திலிருந்து வந்தது. 1991-இல் சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில், மனிதன் வெளிவிடும் மூச்சில் நைட்ரிக் ஆக்சைடு இருப்பதைக் கண்டார்கள். வாகனப் புகையில் இருக்கும் அதே வாயு. ஆஸ்துமாக்காரர்களின் மூச்சில் அது கூடுதலாக இருக்கிறது என்பது 1993-இல் அங்கேயே தெரியவந்தது. ஒவ்வாமையால் வரும் அழற்சியில் மூச்சுக்குழாயின் உள்தோல் இந்த வாயுவை அதிகம் உண்டாக்குகிறது. வெளிவரும் காற்று உள்ளே நடப்பதைச் சொல்லிவிடுகிறது.

அதை அளக்க ஊசி கிடையாது, வலி கிடையாது. பிள்ளை மூச்சை நன்றாக இழுத்து, ஒரு குழாய்க்குள் சீராக ஊத வேண்டும், விநாடிக்கு 50 மில்லிலிட்டர் வேகத்தில். வேகம் தப்பாமலிருக்கத் திரையில் ஒரு படம் ஆடிக்கொண்டிருக்கும். சில விநாடிகள் போதும். வரும் எண், நூறு கோடிப் பங்குக் காற்றில் அந்த வாயு எத்தனை பங்கு என்பது. சிறுவர்களுக்கு 20-க்குக் கீழே இருந்தால் குறைவு, 35-ஐத் தாண்டினால் அதிகம் என்று அமெரிக்க மார்பு நோய்ச் சங்கம் 2011-இல் வகுத்தது. உப்புநீர்த் திவலைகளைச் சுவாசிக்கவைத்துச் சளியை வரவழைப்பது, மூச்சைக் குளிரவைத்து நீராக்கிப் பார்ப்பது, சிறுநீரில் அழற்சியின் அடையாளம் தேடுவது என்று வேறு வழிகளும் உண்டு. அவை பெரும்பாலும் ஆய்வுக்கூடத்தோடு நின்றுவிட்டன.

சத்தமே இல்லாத பிள்ளைக்கும் இந்த எண் உயர்ந்திருக்கலாம். தடுப்பு இன்ஹேலரை ஒழுங்காகப் போட்டால் சில நாட்களிலேயே இறங்கத் தொடங்கும். நிறுத்தினால் மறுபடி ஏறும். இருமலே இல்லாத நாளிலும் மருந்து எதற்கு என்று கேட்கும் தாத்தா பாட்டிக்கு இதைவிடத் தெளிவான பதில் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் எண்ணைத் தெய்வமாக்கிவிடவும் கூடாது. முந்தின வேளை கீரையோ பீட்ரூட்டோ சாப்பிட்டிருந்தால் அது ஏறும். மூக்கில் ஒவ்வாமை இருந்தாலும் ஏறும். வேறு வகை அழற்சியால் வரும் ஆஸ்துமாவில் எண் இயல்பான அளவிலேயே இருக்கலாம். பெரியவர்களில் சிகரெட் பிடிப்பவர்களுக்கு எண் குறைகிறது. அவர்கள் மூச்சுக்குழாய் சுத்தம் என்றா அர்த்தம்! இந்த எண்ணை வைத்து மருந்தளவை மாற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், குழந்தைகளுக்குக் கடுமையான இழுப்பு வருவது குறைந்தது. அன்றாடத் தொல்லைகளில் பெரிய மாற்றமில்லை. நான் அந்த முதல் பாதியையே பெரிதாக நினைக்கிறேன். ஆஸ்பத்திரிக்கு ஓடும் ஓர் இரவு குறைந்தால் போதாதா?

எனக்கு உண்மையான கவலை வேறு. எண் உயர்ந்தது என்றதும் "மருந்து போட்டியா, பொய் சொன்னியா?" என்று பிள்ளையை மிரட்டும் வீடுகள் இருக்கின்றன. போட்ட மருந்து வாயிலேயே தங்கி, நெஞ்சுக்குப் போகாமலும் இருந்திருக்கலாம். இன்ஹேலரோடு மாட்டும் ஸ்பேசர் என்ற குழல் இல்லாமல் சின்னப் பிள்ளைகளுக்கு அது வசப்படாது. கொசுவத்திப் புகையும் ஊதுவத்திப் புகையும் படுக்கையறையிலேயே சுழன்றுகொண்டிருக்கலாம். அதற்குப் பொறுப்பு பத்து வயதுப் பிள்ளை இல்லையே. அதனால் அடுத்த தடவை டாக்டரிடம் போகும்போது இன்ஹேலரையும் ஸ்பேசரையும் பையில் எடுத்துப் போங்கள். எப்படிப் போடுகிறான் என்று அவன் கையாலேயே அவருக்குச் செய்து காட்டட்டும். அப்போது நடுவில் நீங்கள் பேசாதீர்கள்.