மேட்டில் மட்டும் நின்ற வண்டி

மண் அள்ளும் இயந்திரம் எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும் போடியில் அதற்குப் பெயர் ஜேசிபிதான். நானும் செகண்ட் ஹேண்டில் ஒன்று வாங்கி வாடகைக்கு விட்டிருந்தேன். ஊரைச் சுற்றிய சமதளத்தில் நாள் முழுக்கச் சளைக்காமல் வேலை செய்யும். போடிமெட்டைத் தாண்டி ஏலத்தோட்டத்துச் சரிவில் மூக்கைத் தூக்கிக்கொண்டு ஏறும்போதுதான் தகராறு. முதலில் இழுவை குறையும். பிறகு எஞ்சின் ஏறி இறங்கிப் பாடும். கடைசியில் அணைந்துவிடும். ஃபீட் பம்பைக் கையால் அடித்து ஏர் எடுத்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி மறுபடி ஸ்டார்ட் ஆகும்.

“மெயின் பம்ப் போயிடுச்சு” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டேன். ஆபரேட்டர் தம்பி மட்டும் தயங்கித் தயங்கி, “அண்ணே, டேங்க் ஃபுல்லா இருந்தா மேட்டுலயும் நிக்க மாட்டேங்குதுண்ணே” என்றான். “டேங்குக்கும் பம்புக்கும் என்னடா சம்பந்தம்? நீ ஓட்டுற வேலையைப் பாரு” என்றேன். அவனும் பார்த்தான்.

இந்தத் தைரியம் எனக்கு வந்தது அப்பாவின் கிணற்றடி ஆயில் எஞ்சினிலிருந்து. சின்ன வயதிலேயே அதன் பம்பைப் பிரித்து, டீசலில் கழுவி, மாட்டி ஓட்டியவன் நான். ஊரில் நாலு பேர் கூப்பிட்டும் போயிருக்கிறேன். அது ஒற்றை சிலிண்டர் என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

2018 ஆகஸ்ட். இடுக்கி அணையின் மதகை 26 வருடங்களுக்குப் பிறகு திறந்தார்களே, அந்த மழை. மலை முழுக்க மண் சரிந்து கிடந்தது. சாந்தன்பாறைப் பக்கம் ஒரு தோட்டக்காரர், ஜீப் பாதையில் விழுந்த மண்ணை அள்ளக் கூப்பிட்டிருந்தார். காய் எடுப்பு நடக்கிற நேரம். பறித்த ஏலக்காயை ஒன்றரை நாளுக்குள் ஸ்டோரில் ஏற்றிச் சூடு காட்டாவிட்டால் பச்சை போய்விடும். பச்சை போன காய்க்கு ஏலத்தில் என்ன விலை கிடைக்கும் என்று போடிக்காரனுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

பாதி மண் அள்ளியதும் வண்டி நின்றது. நான் தார்ப்பாயைக் கட்டச் சொல்லி, அங்கேயே பம்பைக் கழற்றினேன். நாலு சிலிண்டர் மைக்கோ பம்ப். பெங்களூரில் 1951-இல் தொடங்கிய அந்தக் கம்பெனி 2008-இல் பெயரை பாஷ் என்று மாற்றிக்கொண்ட பிறகும் எங்கள் மெக்கானிக்குகளுக்கு அது இன்னும் மைக்கோதான். பிளஞ்சரும் அது ஓடுகிற பேரலும் சேர்ந்த எலிமென்ட் நாலையும் உருவி, ஒரே தட்டில் டீசல் ஊற்றிக் கழுவினேன். பிளஞ்சர் நாலும் பளபளவென்று கிடந்தன. எனக்கே பெருமையாக இருந்தது. திரும்பப் பூட்டி அடித்தால், வெள்ளைப் புகை. சமதளத்தில் ஓடிக்கொண்டிருந்ததும் போயிற்று.

பம்பைச் சாக்கில் சுற்றிக்கொண்டு, போடிமெட்டுப் பாதையின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் பஸ்ஸில் கடந்து இறங்கி, தேனியில் ஒரு பம்ப் ரூமுக்குப் போனேன். அங்கிருந்த பெரியவர் பேசாமல் பிரித்தார். ஒரு பிளஞ்சரைத் துடைத்து, டீசலில் நனைத்து, பேரலில் பாதி நுழைத்து நிமிர்த்திப் பிடித்துக் கையை விட்டார். நல்ல எலிமென்ட் என்றால் பிளஞ்சர் தன் எடையில் மெல்ல மெல்ல இறங்க வேண்டும். முதலாவது தொப்பென்று விழுந்தது. இரண்டாவது பாதியில் சிக்கி நின்றது. மூன்றாவதை எடுத்தவர் நுழைக்காமலே என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“தம்பி, எதுக்கு எது ஜோடி?”

எனக்குப் பதில் வரவில்லை. ஒவ்வொரு பிளஞ்சரையும் அதனதன் பேரலோடு சேர்த்தே தேய்த்து இழைத்திருப்பார்கள். நடுவில் இருக்கிற இடைவெளி இரண்டு மூன்று மைக்ரான், தலைமுடியில் இருபதில் ஒரு பங்குகூட வராது. அந்த நெருக்கம் இருப்பதால்தான் டீசல் கசிந்து வீணாகாமல் 200 கிலோ அழுத்தத்தில் நாசிலைத் திறக்கிறது. அப்பாவின் எஞ்சினில் இருந்தது ஒரே பிளஞ்சர், ஒரே பேரல். மாறிப்போக அங்கே வழியே இல்லை. நான் கெட்டிக்காரனாக இருந்ததற்குக் காரணம் அவ்வளவுதான்.

நாலு எலிமென்ட்டும் புதுசு போட்டு, டெஸ்ட் பெஞ்சில் ஏற்றிக் காலிபரேஷன் செய்து கொடுத்தார். மேலே கொண்டுபோய்ப் பூட்டினோம். ஒரே அடியில் ஸ்டார்ட் ஆனது. மேட்டில் ஏறியது. பாடியது. அணைந்தது.

யாரும் ஒன்றும் பேசவில்லை. தம்பி இறங்கிப் போய், தோட்டத்தில் வேலை செய்துகொண்டிருந்த கொத்தனாரிடம் லெவல் பார்க்கிற டியூபில் ஒரு துண்டு வாங்கி வந்தான். ஃபீட் பம்புக்கும் ஃபில்டருக்கும் நடுவில் அதை மாட்டி, வண்டியை ஸ்டார்ட் செய்தான். நான் குனிந்து பார்த்தேன். பழுப்பு டீசலுக்குள் ஒரு குமிழி போனது. அப்புறம் இன்னொன்று. அப்புறம் வரிசையாக.

டேங்கிலிருந்து வருகிற ரப்பர் ஹோஸ், கிளிப்புக்கு அடியில் வெடித்திருந்தது. உறிஞ்சுகிற பக்கத்து வெடிப்பு என்பதால் டீசல் சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். அதனால் தரையில் ஒரு பொட்டு ஈரம்கூட இல்லை. டேங்க் நிறைந்திருந்தால் டீசல் மட்டம் உயரமாக இருக்கும், ஃபீட் பம்ப் லேசாக இழுத்தால் போதும். பாதி டேங்கில் மூக்கைத் தூக்கி ஏறும்போது எஞ்சின் உயரப் போய்விடும், இழுக்க வேண்டிய தூரம் கூடும், வெடிப்பு வழியாகக் காற்றும் சேர்ந்து வரும். பங்க் தூரம் என்று கேனில் டீசல் கொண்டுவந்து ஊற்றியதால் எங்கள் டேங்க் மலையில் என்றைக்குமே நிறைந்ததில்லை.

ஒரு முழ ஹோஸும் இரண்டு கிளிப்பும் மாற்றினோம். அந்த மாத வாடகை முழுக்கப் புது எலிமென்ட்டுக்குப் போனது. மண் அள்ளி முடிப்பதற்குள், பறித்து வைத்திருந்த காயில் ஒரு பகுதி நிறம் மாறிவிட்டது. தோட்டக்காரர் கடிந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த வேலைக்கு வேறு வண்டியைக் கூப்பிட்டுக்கொண்டார்.

தம்பியிடம் மன்னிப்புக் கேட்க நினைத்துக்கொண்டே இருந்தேன். கேட்கவில்லை. பொங்கலுக்கு ஊருக்குப் போனவன் திரும்பி வரவில்லை. இப்போது பூப்பாறையில் வேறொருவரிடம் ஓட்டுகிறான். அந்த வண்டி மேட்டில் நின்றதாக இதுவரை கேள்விப்படவில்லை.