கறுப்பு வண்டியும் வெள்ளை வேஷ்டியும்

"மோட்டார் வண்டியைப் படம் பிடிக்க விளக்கு எதற்கு? சூரிய பகவான் ஒருவர் போதாதா?" என்று நான் கேட்டபோது எங்கள் வண்டி திருமயம் கோட்டையைத் தாண்டிக் கொண்டிருந்தது.

"போதும். ஆனால் அவர் நாம் சொல்லுகிற இடத்தில் நிற்க மாட்டாரே!" என்றார் படக்கார நண்பர்.

அவர் சொல்லுகிற இடத்தில் நிற்கக்கூடிய மூன்று 'பிளாஷ்' விளக்குகளும், அவற்றுக்குரிய கம்பங்களும், ஒரு பெரிய வெள்ளைக் குடையும் பின் ஆசனம் முழுவதையும் பிடித்துக் கொண்டிருந்தன. ஒரு மணல் மூட்டை என் காலடியில் சுகமாகப் பிரயாணம் செய்தது.

நாங்கள் போன இடம் கானாடுகாத்தான். காரைக்குடிக்கு அருகிலுள்ள இவ்வூரைப் பார்த்திராத நேயர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இங்கே வீட்டின் முன் வாசலில் நுழைந்தவர் கட்டுக் கட்டாகக் கடந்து பின் வாசல் வழியே வெளிவந்தால், அடுத்த தெருவில் நிற்பார். பர்மாத் தேக்கிலே தூண்கள். ஆத்தங்குடிக் கல் பதித்த தளங்கள். கை வைத்தால் வழுக்கும் சுண்ணாம்புச் சுவர்கள். பர்மாவிலும் மலேயாவிலும் தேடிய பொருள் இங்கே மாளிகையாக எழுந்தது. இன்று பல வீடுகளில் பூட்டுத்தான் வாசல் காக்கிறது.

பூட்டாத வீடு ஒன்றில் ஓர் ஆச்சி எங்களை எதிர்பார்த்திருந்தார். வாசலில் கறுப்பு அம்பாஸடர் ஒன்று நின்றது. கல்கத்தாவுக்கு அருகே உத்தர்பாராவில், 1950-களின் பிற்பகுதி முதல் 2014 வரை உற்பத்தியாகி, தேசம் முழுவதையும் சுமந்த வண்டி அல்லவா அது? இந்த வண்டியைச் செட்டியார் 1974-ல் வாங்கினாராம். அவர் காலமாகி மூன்று வருஷம் ஆகிறது. பிள்ளைகள் வெளியூரில் இருக்கிறார்கள். மறுநாள் காலையில் கோயமுத்தூர்க்காரர் ஒருவர் வந்து வண்டியை ஓட்டிச் செல்லப் போகிறார்.

"தினம் சாயங்காலம் வண்டி வாசலில் இப்படித்தான் நிற்கும், தம்பி. அதை அப்படியே எடுத்துக் கொடுத்தால் போதும்" என்றார் ஆச்சி.

கேட்பதற்கு எளிய காரியம். ஆனால் பேரப் பிள்ளைகள் கைபேசியில் எடுத்த படங்களைப் பார்த்ததும் சங்கடம் விளங்கிற்று. வீடு கிழக்குப் பார்த்தது. சாயங்காலத்தில் சூரியன் அதன் முதுகுப் பக்கம் இறங்குகிறான். வானத்தின் நிறம் விழுந்த படத்தில் வண்டி நிலக்கரிக் குவியலாகத் தெரிந்தது. வண்டி தெரிந்த படத்தில் வானம் வெளுத்துப் போயிருந்தது. இரண்டையும் ஒருசேரக் காணும் சக்தி மனிதக் கண்ணுக்குத்தான் உண்டு. காமிராவுக்கு யாராவது கை கொடுக்க வேண்டும்.

கை கொடுக்கும் முயற்சி பழையது. 1887-ல் ஜெர்மனியில் மீதே, கேடிக்கே என்ற இருவர் மெக்னீஷியம் கலந்த பொடியைக் கொளுத்தி வெளிச்சம் உண்டாக்கினார்கள். கூடவே புகையும் ஆபத்தும் வந்தன. 1930-களில் அமெரிக்காவில் ஹெரால்ட் எட்ஜர்ட்டன் என்ற பேராசிரியர் மின்சாரத்தைச் சேமித்து வைத்து, வாயு நிரம்பிய குழாயின் வழியே ஒரே மூச்சில் பாய்ச்சி மின்னலை உண்டாக்கும் முறையை வளர்த்தார். அந்த மின்னல்தான் இன்று பாட்டரியுடன் கைப்பைக்குள் அடங்கிவிட்டது.

"இதில் ரகசியம் ஒன்றுதான்," என்றார் நண்பர், முக்காலியில் காமிராவைப் பொருத்திக்கொண்டே. "பிளாஷின் ஆயுள் விநாடியில் மிகச் சிறிய பங்குதான். ஆகவே காமிராவின் கதவை 1/125 விநாடி திறந்தாலும், 1/8 விநாடி திறந்தாலும், வண்டியின்மேல் விழும் மின்னல் ஒரே அளவுதான். வானத்து ஒளி மட்டும் நேரத்துக்குத் தக்கபடி கூடும். இருட்ட இருட்டக் கதவை அதிக நேரம் திறந்து வைத்தால், வானம் கலையாமல் நிற்கும்."

முதல் விளக்கை வண்டிக்கு அருகில் வைத்தார். அதன் வெளிச்சம் வீடு வரை போகாதா என்று கேட்டேன். தூரம் இரு மடங்கானால் வெளிச்சம் நாலில் ஒரு பங்காகிவிடுமாம். ஆகையால் இரண்டாவது விளக்கு திண்ணைத் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, வாசற் கதவின் சித்திர வேலையைப் பார்த்தது. காமிராவின் தலைமேல் தீப்பெட்டி போன்ற ஒரு கருவி இருந்தது. அது வானொலி அலையால் கட்டளையிட்டதும் விளக்குகள் ஏககாலத்தில் மின்னின.

படத்தைப் பார்த்தோம். வண்டியின் பக்கவாட்டில் கண்ணைக் குத்தும் வெள்ளைப் பொட்டு ஒன்று!

"கறுப்பு வண்டி என்பது ஒரு கண்ணாடி. எதிரே உள்ளதைத்தான் காட்டும். சிறிய விளக்கை வைத்தால் சிறிய பொட்டு. பெரிய வெண்மையைக் காட்டினால்தான் அதன் வளைவு தெரியும்" என்று நண்பர் குடையை விரித்தார்.

அந்த க்ஷணத்திலே தெருக்கோடியிலிருந்து ஒரு காற்று வீசிற்று. குடை கம்பத்தோடு சாய்ந்தது. இரண்டு கம்பிகள் முறிந்தன. மணல் மூட்டை இன்னும் என் காலடி இருந்த இடத்திலேயே இருந்தது என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன். மேற்கே வானம் செம்மையிலிருந்து நீலத்துக்கு மாறத் தொடங்கியது. இன்னும் இருபது நிமிஷத்தில் எல்லாம் முடிந்துவிடும். நாளைச் சாயங்காலம் வண்டி இராது.

ஆச்சி ஒன்றும் பேசாமல் உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் மடிப்புக் கலையாத எட்டு முழ வேஷ்டி ஒன்று இருந்தது.

"அவுக வேட்டிதான். இது ஆகுமா, பாருங்க."

பக்கத்து வீட்டுப் பையன்கள் இருவர் முக்காலிகளில் ஏறி வேஷ்டியை விரித்துப் பிடித்தார்கள். அதன் பின்னால் விளக்கு மின்னிற்று. வேஷ்டி முழுவதுமே விளக்காகிவிட்டது. வண்டியின் முகப்பிலிருந்து பின் சக்கரம் வரை வெண்ணெய் தடவினாற்போல் ஒரு நீண்ட ஒளிக்கோடு ஓடியது. மேலே நீல வானம். பின்னே பொன்னிறக் கதவு. நண்பர் முகத்தில் வெற்றிக் களை தோன்றிற்று.

ஆச்சி படத்தை வெகு நேரம் பார்த்தார். பிறகு, "ரொம்ப அழகாயிருக்கு. அந்த நெளிவு எங்கே, தம்பி?" என்றார்.

முன் சக்கரத்துக்கு மேல் மட்கார்டில் ஒரு குழிவு இருப்பதை அப்போதுதான் கவனித்தோம். மென்மையான ஒளி அதை முற்றும் மறைத்திருந்தது. மற்றவர்களாயிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்கள்.

"எனக்கு வண்டி ஓட்டச் சொல்லிக் கொடுத்தாக. ஊருணிச் சுவரிலே நான்தான் கொண்டுபோய் இடிச்சேன். டிங்கர் வேலைக்கு விடுவோம்னு எத்தனையோ தடவை சொன்னேன். கடைசி வரைக்கும் அவுக விடலை. 'அது இருக்கட்டும், உன் கையெழுத்து'ன்னு சொல்லுவாக."

நண்பர் பதில் சொல்லவில்லை. மூன்றாவது விளக்கை எடுத்து, மறைப்பு எதுவும் இல்லாமல், தரையோடு தரையாக மட்கார்டின் ஓரத்தில் வைத்தார். ஒளி சாய்வாக உரசிச் சென்றால், மேடு பிரகாசிக்கும், பள்ளத்தில் நிழல் தங்கும். இம்முறை மணல் மூட்டையை நானே தூக்கிக் கொண்டுபோய்க் கம்பத்தின் அடியில் வைத்தேன்.

வானத்தில் கடைசி நீலம் இருந்தபோது, 1/8 விநாடியில், அந்தப் படம் விழுந்தது. அதில் வீடு இருந்தது, வானம் இருந்தது, வேஷ்டியின் வெண்மை இருந்தது, ஊருணிச் சுவரின் கையெழுத்தும் இருந்தது.

மறுநாள் காலை வண்டி போய்விட்டது. சக்கரம் நின்ற இடத்தில் ஆச்சி வழக்கம்போல் கோலம் போட்டிருந்தார்.

நேயர்களே, உங்கள் வீட்டு வாசலிலும் விடைபெறக் காத்திருக்கும் பழைய வண்டி ஒன்று நிற்கலாம். விலை உயர்ந்த குடை இல்லையே என்று தயங்க வேண்டாம். சின்ன விளக்கு ஒன்று போதும். வேஷ்டி வீட்டிலேயே இருக்கிறது. ஆனால் விளக்கைப் போடுமுன், வண்டியில் எது தெரிய வேண்டும் என்று வீட்டாரை ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.