குளவிக் கூட்டில் கண்டது

கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும் என்பது நம் வீடுகளில் பெரியவர்கள் வாயில் பழகிய பேச்சு. குளவி எங்கிருந்தோ ஒரு புழுவைத் தூக்கி வந்து மண்கூட்டில் அடைக்கிறது, ஓயாமல் கொட்டுகிறது, கொட்டுப்பட்ட புழு தன்னைக் கொட்டும் குளவியையே எண்ணி எண்ணி, ஒருநாள் தானும் குளவியாகிப் பறந்துவிடுகிறது. வடமொழியார் இதற்குக் கீடப் பிரமர நியாயம் என்று பெயரிட்டுத் தத்துவ விளக்கத்துக்கு எடுத்தாண்டனர். ஆசிரியரின் பெருமையைப் பேச நினைப்பவர்க்கு இதைவிட வாய்ப்பான உவமை கிடைப்பது அரிது. நானும் 25 ஆண்டுகளுக்கு மேலாக வகுப்பறையில் இதைச் சொல்லி வந்தேன். அது உண்மையன்று என்பதைச் சென்ற ரமழானுக்குச் சற்று முன்பு என் மகளிடமிருந்து கற்றுக்கொண்டேன்.

இந்தக் கதை எனக்கு வந்த வழியை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் மத்ரஸாவில் ஓதிய காலத்தில், ஸர்ஃபு வாய்பாட்டைத் தவறாகச் சொன்ன பையனின் உள்ளங்கையில் பிரம்பை வைத்துவிட்டு, அவன் கையை ஊதிக்கொண்டு நிற்கும்போதே எங்கள் உஸ்தாது இந்தக் குளவியைப் பற்றிச் சொல்வார். அவர் கொடியவர் அல்லர். அடித்த பிள்ளைக்கு மாலையில் தம் பங்குத் தேநீரைக் கொடுத்துவிடுவார். அந்த வாய்பாடுகள் இன்றும் எனக்குத் தூக்கத்தில்கூடப் பிசகாமல் வருகின்றன. அதற்கு அந்தப் பிரம்பே காரணம் என்று நெடுநாள் நம்பியிருந்தேன். பின்னர்த் தமிழும் பயின்று பட்டம் பெற்றுப் பள்ளி ஆசிரியனாக அமர்ந்தபோது, பிரம்பும் கதையும் என் கூடவே வந்து சேர்ந்தன.

1999ஆம் ஆண்டு, ஏழாம் வகுப்பு. சொல்வதெழுதலில் 'குழவி' என்று நான் சொல்ல, ஒரு மாணவன் 'குளவி' என்று எழுதியிருந்தான். எங்கள் பகுதியில் ழகரம் நாவில் ஏறுவது கடினம். வீட்டில் வாப்பாவும் உம்மாவும் 'மளை' என்றும் 'பளம்' என்றும் பேசக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு அந்த எழுத்து எங்கிருந்து வரும்? இது இன்று எனக்குத் தோன்றும் நியாயம். அன்று, மூன்றாம் முறையும் அவன் அவ்வாறே எழுதக் கண்டதும், கையை நீட்டச் சொல்லி மூன்று அடி கொடுத்தேன். "குளவி என்றா எழுதுகிறாய்? குளவி என்ன செய்யும் தெரியுமா? கொட்டக் கொட்டத்தான் புழு குளவியாகும்" என்றேன். வகுப்பு முழுவதும் சிரித்தது. சமயத்துக்கு ஏற்ற சொல் வந்து விழுந்ததில் எனக்கும் மகிழ்ச்சிதான், அதை மறைப்பதற்கில்லை. ஆண்டுத் தேர்வுக்குப் பின் அவன் பள்ளிக்கு வரவில்லை. சங்க நூல்களில் குளவி என்ற சொல் மலைமல்லிகையையும் குறிக்கும். தமிழ் படித்தவன் என்ற முறையில் அதையாவது அன்று அவனுக்குச் சொல்லியிருக்கலாம்.

இனிக் கூட்டுக்கு வருகிறேன். ரமழான் பிறக்குமுன் வீட்டுக்கு வெள்ளையடிப்பது எங்கள் வழக்கம். கிதாபு அலமாரியைச் சுவரிலிருந்து நகர்த்தியபோது, அதன் பின்புறப் பலகையில் உள்ளங்கை அளவு மண்கட்டி ஒன்று ஒட்டியிருந்தது. யாரோ சேற்றை அள்ளி எறிந்தாற்போல் ஒழுங்கற்ற தோற்றம். சுரண்டி எறியப் போனேன். விலங்கியல் முதுகலை பயிலும் என் மகள், "எறிந்துவிடாதீங்க வாப்பா" என்று ஓடிவந்து, மெல்லிய கத்தியால் அதைப் பெயர்த்து வெள்ளைத் தாளின்மேல் வைத்தாள்.

பின்பக்கத்தைத் திருப்பியபோதுதான் அதன் ஒழுங்கு தெரிந்தது. விரல் பருமனில் நான்கு மண் குழாய்கள் பக்கம் பக்கமாக அமைந்து, எல்லாவற்றின் மேலும் ஒரு பொதுப்பூச்சு. இதைக் கட்டுவது பெண் குளவி மட்டுமே. துணி துவைக்கும் கல்லடியில் ஈரமண்ணை உருட்டி எடுத்து வந்து, ரீங்கரித்துக்கொண்டே வைத்து அழுத்தும். அந்த ஒலியை அஸர் தொழுகைக்குப் பிறகு ஓதிக்கொண்டிருக்கையில் பலநாள் கேட்டிருக்கிறேன், எழுந்து பார்த்ததில்லை.

கடைசியாகக் கட்டிய அறையை மகள் முதலில் திறந்தாள். பச்சைப் புழு ஒன்று நெளியும் என்று எதிர்பார்த்துக் குனிந்தேன். உள்ளே சிலந்திகள்! ஒன்றின்மேல் ஒன்றாகக் கால்களை மடக்கி, பெட்டியில் அடுக்கிய பேரீச்சம்பழம் போல் நெருக்கமாக இருந்தன. எண்ணிப் பார்த்தோம், 13.

"புழு எங்கேம்மா?" என்றேன்.

அவள் அடியிலிருந்த சிலந்தியின் வயிற்றைக் காட்டினாள். அரிசி நொய் போல் வெள்ளையாக, சற்றே வளைந்த ஒரு பொருள் அதில் ஒட்டியிருந்தது. "இது குளவி இட்ட முட்டை. இதிலிருந்துதான் புழு வரும். அதுவும் குளவியின் பிள்ளைதான், வாப்பா."

பிரெஞ்சு நாட்டு ஃபாபர் (1823-1915) இவ்வினக் குளவிகளைத் தம் ஊர் வீடுகளின் புகைபோக்கிகளில் கண்டு ஆராய்ந்து, முதலில் கொண்டுவந்த சிலந்தியின்மேலேயே முட்டை இடப்படுகிறது என்று எழுதியிருக்கிறாராம். எங்கள் கூட்டிலும் அது அடிச்சிலந்தியின் மேலேயே இருந்தது. மகள் ஊசிமுனையால் ஒரு சிலந்தியைத் தொட்டாள். அதன் கால் மெல்ல அசைந்தது. நான் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். குளவியின் கொடுக்கு சிலந்தியைச் செயலிழக்கச் செய்கிறதேயன்றி உடனே கொன்றுவிடுவதில்லை. கொன்றால் புழு பொரித்துத் தின்பதற்குள் அழுகிவிடும். கொட்டு, உணவு கெடாமல் இருப்பதற்காக.

அடுத்த அறையில் மஞ்சள் கலந்த வெண்ணிறப் புழு ஒன்று ஒரு சிலந்தியில் வாய் பதித்திருந்தது. இன்னும் 9 சிலந்திகள் மீதி. மூன்றாம் அறையில் உணவு தீர்ந்து, பழுப்பு நிற மெல்லிய கூட்டைப் புழு தன்னைச் சுற்றி நூற்றிருந்தது. நான்காவதை, அதாவது குளவி முதலில் கட்டியதை, உடைக்காமல் கண்ணாடிச் சாடியில் இட்டுத் துணியால் வாய்கட்டி வைத்தோம்.

அதன்பின் இருபத்திரண்டு சிலந்திகளும் யார் யார் என்று அறியும் வேலை தொடங்கியது. மகள் உருப்பெருக்கியோடு அமர்ந்தாள். எழுதுவது என் பொறுப்பு. சிலந்திகளைக் காக்க எரிசாராயம் வாங்கி வந்தோம். "இந்த வீட்டுக்குள் சாராயப் புட்டியா, அதுவும் ரமழான் வரும் நேரத்தில்?" என்று என் மனைவி வாசலிலேயே மறித்தாள். ஊசி போடுமுன் மருத்துவமனையில் தடவுவதும் இதுதான் என்று விளக்கிய பிறகும், கிதாபு அலமாரியின் பக்கம் அதைக் கொண்டுபோகக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் அனுமதி கிடைத்தது. எரிசாராயத்தில் பச்சை நிறம் வெளுத்துவிடும். எனவே ஒவ்வொன்றின் நிறத்தையும் அதில் இடுமுன்பே நான் எழுதிக்கொள்ள வேண்டியிருந்தது.

சிலந்திக்குக் கால் எட்டு என்பதை அறிவேன். பெரும்பாலானவற்றுக்குக் கண்ணும் எட்டு என்பதையும், குடும்பத்தை அறிய அக்கண்களின் வரிசையைப் பார்க்க வேண்டும் என்பதையும் ஐம்பத்தைந்து வயதில்தான் அறிந்தேன். முன்னே இரண்டு கண்கள் மட்டும் வாகனத்தின் விளக்குகள் போல் பெருத்திருந்தால் அது தாவும் சிலந்தி. எங்கள் கூட்டில் 3. கண்களில் ஆறு கூடி அறுகோணமாக நிற்க, கால்களில் நீண்ட முட்கள் துருத்திக்கொண்டிருந்தால், வலை கட்டாமல் செடிகளில் ஓடி வேட்டையாடும் இனம், இவை 4. அவற்றுள் ஒன்று இளந்தளிர்ப் பச்சை. முன்னங்கால் இரண்டு இணை நீண்டு, நண்டுபோல் பக்கவாட்டில் நகர்வது பூக்களில் பதுங்கும் நண்டுச் சிலந்தி. அது ஒன்றே ஒன்று. மீதி 14உம் உருண்டை வயிறுடைய வட்டவலைச் சிலந்திகள். நான்கு நான்காக இரு வரிசைக் கண்கள். ஓரக்கண்கள் நடுக்கண்களை விட்டு விலகி ஒன்றையொன்று ஒட்டி நிற்கும். வலையின் நடுவே பெருக்கற்குறி போல் வெண்ணூல் வரையும் சிலந்தி இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. தான் தின்ற பூச்சிகளின் குப்பையை வலையில் கோடாக அடுக்கி அதனிடையே மறைந்திருப்பதும் இதைச் சேர்ந்ததே.

எனக்கு வியப்பளித்தது வேறொன்று. எங்கள் சுவர்களில் ஓடும் பெரிய சிலந்தியோ, கூரை மூலையில் ஒட்டடை கட்டும் நெட்டைக்காலியோ ஒன்றுகூட அதில் இல்லை. வீட்டுக்குள் கூடு கட்டிய குளவி, உணவுக்குத் தோட்டத்துக்கே போயிருக்கிறது.

குடும்பம் தெரிந்துவிட்டது, இனத்தைச் சொல் என்றேன். கல்லூரி நூலகத்திலிருந்து டிகேதர் 1987இல் எழுதிய இந்தியச் சிலந்திகள் கைந்நூலையும், 1900இல் வெளிவந்த போக்காக் நூலின் படியையும் அவள் கொண்டுவந்திருந்தாள். பக்கம் பக்கமாகப் புரட்டியும் பெரும்பாலானவற்றுக்கு விடை கிடைக்கவில்லை. காரணம் நூல்களின் குறையன்று. பெண்ணாயின் வயிற்றின் அடியிலுள்ள தகட்டையும், ஆணாயின் வாயருகேயுள்ள சிறுகையின் முனைக் குமிழையும் கொண்டே இனத்தை உறுதி செய்ய முடியும். கடைசிச் சட்டையை உரித்து வளர்ந்த பிறகே அவை முழுமை பெறும். குளவி பிடித்தவையோ பெரும்பாலும் இளஞ்சிலந்திகள். நிறத்தைக் கொண்டு ஒரு பெயரைச் சொல்லிவிடலாமே என்று நான் இரண்டு மூன்று முறை தூண்டினேன். அவள் இசையவில்லை.

அப்படியானால் புழுக்கதை எங்கிருந்து வந்தது? குடம் போல் சிறு மண்கூடு கட்டும் குளவியினம் வேறு உண்டு. அது செடிகளிலிருந்து பச்சைப் புழுக்களைப் பிடித்து வந்து அடைக்கும். அந்தப் புழுக்கள் வண்ணத்துப்பூச்சி, விட்டில் முதலியவற்றின் குஞ்சுகள். கூடு மூடப்படுமுன் அவற்றைக் கண்டவர், பின்னர் அதே கூட்டிலிருந்து குளவி வெளிவரக் கண்டு, இடையில் நிகழ்ந்ததைத் தாமே இட்டு நிரப்பிக்கொண்டார். முட்டை அவர் கண்ணுக்குப் படவில்லை. புழு குளவியாகவில்லை, உணவாயிற்று.

கூடு ஒட்டியிருந்த அலமாரியில் இருப்பவை என்ன என்பதையும் சொல்ல வேண்டும். தமீரியின் 'ஹயாத்துல் ஹயவான்' இருக்கிறது. ஹிஜ்ரி 255இல் மறைந்த பஸ்ரா நகரத்து ஜாஹிழின் 'கிதாபுல் ஹயவான்' இருக்கிறது. அரிஸ்டாட்டில் சொன்னதாயினும் ஐயப்பட்டு, அறிந்தோரிடம் விசாரித்து, இயன்றபோது தாமே சோதித்துப் பார்த்தவர் ஜாஹிழ். அவருடைய அரபு நடையின் அழகை நான் மாணவர்களுக்கு வியந்து வியந்து சொல்லியிருக்கிறேன். அந்த நூலுக்குப் பின்னால் நான்கு விரற்கடை தூரத்தில் குளவி மண் பூசிக்கொண்டிருந்தது.

என் உம்மா உயிரோடிருந்தவரை சிலந்தி வலையைத் துடைப்பத்தால் அடிக்க மனம் இசைந்ததில்லை. தவ்ர் குகை வாயிலில் வலை பின்னிய பிராணி என்று அதன்மேல் தனிப் பரிவு. அவர் இருந்திருந்தால் இருபத்திரண்டையும் பார்த்து என்ன சொல்லியிருப்பார் என்று எண்ணிக்கொண்டே சீசாக்களில் எண்களை ஒட்டினேன்.

ரமழானின் நடுவில் ஒருநாள் இஃப்தாருக்குப் பின் அந்த மாணவனைத் தேடிப் போனேன். அடுத்த ஊரில் மோட்டார் சைக்கிள் பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருக்கிறான். நாற்காலியைத் துடைத்துப் போட்டு, "வாங்க ஹஜரத்" என்றான். சுற்றி வளைக்காமல் குளவிக் கூட்டைப் பற்றிச் சொன்னேன்; அன்று நான் சொன்னது தவறு என்றும், அடித்தது அதைவிடத் தவறு என்றும் சொன்னேன். அவன் சற்றுநேரம் கையிலிருந்த எண்ணெய்த் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீங்க அடிச்சது எனக்கு ஞாபகமே இல்லை, ஹஜரத். எல்லாரும் சிரிச்சாங்களே, அதுதான் ஞாபகம் இருக்கு" என்றான். பிறகு, "இப்பவும் அந்த ரெண்டு சொல்லும் எனக்கு ஒரே மாதிரிதான் வருது" என்று தானே சிரித்தான். தேநீர் வரவழைத்தான். நான் எழுந்தபோது, உள்ளே ஒரு குளவிக் கூடு இருக்கிறது, உங்கள் மகளுக்கு வேண்டுமானால் பெயர்த்துத் தருகிறேன் என்று சொல்லி அனுப்பினான்.

பெருநாளுக்கு இரண்டு நாள் இருக்கும்போது சாடியில் ரீங்காரம் கேட்டது. அறையின் ஒரு முனையில் வட்டமான துளை. நூல் போன்ற இடையும் கருமையும் மஞ்சளும் கலந்த உடலுமாகக் குளவி ஒன்று துணியின்மேல் நடந்துகொண்டிருந்தது. அது முழுவளர்ச்சி பெற்றதாதலால் மகளால் உடனே இனம் சொல்ல முடிந்தது. டென்மார்க்கு நாட்டு ஃபப்ரீசியஸ் 1781இல் விவரித்த இனம். நம் மதராசப்பட்டினத்தின் பெயரையே இட்டு 'ஸ்கெலிஃப்ரான் மதராஸ்பட்டானம்' என்று வழங்குகிறார்கள். சன்னலோரம் துணியை அவிழ்த்தோம். முருங்கை மரத்தின் பக்கமாகப் போயிற்று.

காலியான அறையை உடைத்துப் பார்த்தோம். கிழிந்த பழுப்புக் கூடும், கரிய கழிவும், முறிந்த சில கால் துண்டுகளும் இருந்தன. அவற்றைச் சீசாவிலிட்டு, மகள் சொல்லச் சொல்ல நான் சீட்டு எழுதினேன்: "அறை 1. சிலந்திக் கால்கள். எண்ணிக்கை தெரியவில்லை. இனம் துணிய இயலாது."